குடும்பத்தோடு முதல் கூடார முகாம்
பத்தாம் வகுப்புச் சாரணியர்

கூடாரம் அடித்துத் தங்குவது என்றதும், அது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்றும் நமக்கும் அதற்கும் வெகுதூரம் என்றும் பலர் எண்ணிவிடுகின்றனர். சற்றே யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குடும்பங்கள் இரவில் எங்கே உறங்குகின்றன? சாலையோரப் புளியமரத்தடியிலும், பள்ளிக்கூடத் திண்ணையிலும், கோவில் மண்டபத்திலும்தானே! கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு, துண்டை விரித்துப் படுத்து, விடியுமுன் மறுபடி நடக்கத் தொடங்குகின்றனர். கூடாரம் ஒன்றுதான் குறை. மற்றபடி அதுவும் முகாமே. ஆகவே இக்கட்டுரையில் நாங்கள் சொல்லப்போவது நம் பாட்டிமாருக்கு முற்றிலும் புதிய சங்கதி அல்ல.

சென்ற பெற்றோர் தினத்தன்று சாரணியரான நாங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு கூடாரம் அடித்துக் காட்டினோம். பார்த்த தந்தையர் பலரும் "நாமும் ஒருமுறை இப்படிப் போகலாமே!" என்று உற்சாகமாகப் பேசினர். ஒரு தாயார் மட்டும் சிரித்துக்கொண்டே, "போகலாம்மா. இங்கே வீட்டிலே சமைக்கிறதை அங்கே போய்ப் புகையிலே சமைக்கணும், அவ்வளவுதானே?" என்றார். நியாயமான கேள்வி. பாத்திரம், பண்டம், அடுப்பு என்று சமையலறையையே மலைக்குத் தூக்கிச் சென்று, அங்கேயும் அம்மா ஒருவரே குனிந்து நிமிர்வதென்றால் அது அவருக்கு விடுமுறையே அல்ல. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

கொஞ்சம் சரித்திரம். பிழைப்புக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காகக் கூடாரமிடுவதை ஒரு கலையாக்கியவர்களுள் தாமஸ் ஹிரம் ஹோல்டிங் என்ற ஆங்கிலேயர் ஒருவர். அவர் தொழிலால் தையற்காரர்! சைக்கிளில் எடுத்துச் செல்லும்படியான இலேசான கூடாரங்களைத் தயாரித்தார். 1901-ஆம் ஆண்டில் சைக்கிள் முகாமிடுவோருக்கு ஒரு சங்கம் கண்டார். 1908-இல் முகாமிடுவோருக்கான கைந்நூல் ஒன்றையும் வெளியிட்டார். அதற்கு முந்தின ஆண்டு, 1907 ஆகஸ்டில், பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு முகாமிட்டார். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. பெண்களாகிய எங்களுக்கு 1910 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று!

இனி விஷயத்துக்கு வருவோம். பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆதலால் சேலத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறோம். பாட்டி, அப்பா, அம்மா, எங்கள் வயதில் ஒரு பெண், எட்டு வயதுத் தம்பி என ஐந்து பேர். யாரும் இதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. இவர்கள் எங்கே போகலாம்? ஏற்காடு போகலாம் என்பது எங்கள் யோசனை. சுமார் முப்பது கிலோமீட்டர்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும். முதல் முகாமுக்கு அழகைவிட அருகாமையே முக்கியம். பாட்டிக்கு மூச்சுத் திணறினாலும், தம்பிக்குக் காய்ச்சல் கண்டாலும், எல்லோருக்கும் வெறுத்தே போனாலும், சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அப்படித் திரும்ப முடியும் என்ற தைரியம் இருந்தால்தான் முகாமில் மனம் நிம்மதியாக இருக்கும். ஓர் இரவு போதும். மூன்று நாள் திட்டம் போடுகிறவர்கள் மூன்று நாளைக்கு வேண்டிய சாமான்களையும் சேர்த்தே சுமக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஏற்காடு போவதற்கு முன் இன்னோர் இடத்தில் முகாமிட வேண்டும். அது நம் வீட்டு மொட்டை மாடி! சிரிக்காதீர்கள். எங்களைக் கேட்டால், முதல் முகாமின் பாதித் திட்டம் அங்கேதான் தயாராகிறது. ஒரு சனிக்கிழமை மாலை, தேவை என்று நீங்கள் நினைக்கும் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். மறுநாள் காலைவரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்று தீர்மானம் செய்துகொள்ளுங்கள். கழிப்பறைக்கு மட்டும் விலக்கு. அப்புறம் வேடிக்கையைப் பாருங்கள்! தீப்பெட்டி இல்லை, ஒருவர் இறங்குவார். உப்பு இல்லை, இன்னொருவர் இறங்குவார். பாட்டியின் கண்ணாடி, தம்பியின் தலையணை, கரித்துணி, கத்தி... இறங்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக இறங்கினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். விடிந்ததும் அந்த நோட்டில் இருப்பதுதான் உங்கள் குடும்பத்துக்குரிய பட்டியல். புத்தகங்களில் அச்சிட்டிருக்கும் பட்டியல் எதுவும் அதற்கு ஈடாகாது. ஏனெனில் பாட்டிக்குப் படுக்கும்முன் வெந்நீர் வேண்டும் என்பது எந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. மறுபக்கத்தில், தூக்கிச் சென்று தொடாமலே இருந்த பொருள்களையும் எழுதுங்கள். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

மாடித் தளத்தில் முளை அடிக்க முடியாதே என்று கேட்பீர்கள். வாளிகளில் தண்ணீர் நிரப்பி அவற்றின் பிடியில் கயிற்றைக் கட்டினால் போதும். கூடாரத்தை முதன்முறையாகப் பிரிப்பது மாடியிலாகத்தான் இருக்க வேண்டும், மலையிலாக இருக்கக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் புதுக் கூடாரத்தைப் பையோடு மலைக்குக் கொண்டுபோய், பொழுது சாய்கிற வேளையில் பிரித்தபோது கம்பு ஒன்று குறைந்ததாம். கடைக்காரரைத் திட்டியபடியே காரில் உறங்கினார்களாம்.

கூடாரத்தை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. முதல் முறைக்கு இரவல் வாங்குங்கள், இல்லையேல் வாடகைக்கு எடுங்கள். ஆனால் "நான்கு பேர் கூடாரம்" என்று எழுதியிருந்தால், நான்கு பேரும் தோளோடு தோள் ஒட்டி, பெட்டியில் அடுக்கிய தீக்குச்சிகளைப் போலப் படுப்பதாகக் கணக்கு. அதில் பைகளுக்கு இடமில்லை. நம் ஐந்து பேருக்கு இரண்டு சிறு கூடாரங்கள் நல்லது. பாட்டியோடு பேத்தி ஒன்றில், மற்ற மூவர் மற்றொன்றில். நடு இரவில் பாட்டி எழுந்தால் கூடவே துணைக்கு ஓர் ஆளும் இருக்கும்.

எப்போது போவது? எங்களுக்குப் பிடித்தது பொங்கல் விடுமுறையை ஒட்டிய நாள்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முதன்முறை முகாமிடுவோருக்கு அது ஆகாது. மே மாதத்தில் எல்லோரும் மலைக்குத்தான் வருவார்கள். மாலையில் இடி மழையும் உண்டு. ஜனவரியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். குளிர் மட்டும் கடுமை. அந்தக் குளிரைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, எட்டு டிகிரி வித்தியாசம். சேலத்தில் விடியற்காலை இருபது டிகிரி என்றால் மேலே பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு மட்டுமே என்று நாம் நினைத்திருந்த பாடம் பாட்டிக்கு எத்தனை போர்வை என்பதைச் சொல்லிவிடுகிறது!

சனிக்கிழமை புறப்படுகிறவர்கள் ஏற்காட்டுத் தேவாலயத்தில் ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு என்பதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். இல்லையேல் கூடாரம் பிரிக்கும் அவசரத்தில் பூசை தவறிவிடும்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காடு எல்லோருக்கும் பொது, எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம் என்று நினைப்பது தவறு. காப்புக்காட்டில் வன இலாகாவின் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அந்தக் கட்டுப்பாடு எத்தனை அவசியம் என்பதைக் குரங்கணி நமக்குக் காட்டியது. 2018 மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெண்கள் பலர். காய்ந்த புல் தீப்பிடித்தால் மலைச்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். அதன் வேகத்துக்கு மனிதரால் ஏறி ஓட முடியாது. ஆகவே முதல் முகாமைக் காட்டில் வைக்க வேண்டாம். தெரிந்தவர்களின் காப்பித் தோட்டத்து வீட்டு முற்றம், அனுமதி பெற்ற முகாம் மைதானம், பள்ளி வளாகம் போன்ற இடங்களே போதும். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, வரும் நாளையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். மலையில் கைப்பேசிக்கு எல்லா இடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை.

இடம் பார்க்கப் போகும் அப்பாக்கள் முதலில் பார்ப்பது காட்சி அழகை. அம்மாக்கள் முதலில் கேட்பது "கழிப்பறை இருக்கிறதா?" என்பதை. எங்கள் ஓட்டு அம்மாக்களுக்கே! இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வர்; தலைவலியும் நீர்க்கடுப்பும் வந்து சேரும். அப்புறம் எங்கே மகிழ்ச்சி? கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே உள்ள வழியைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்து, இரவில் கால் இடறக்கூடிய கல், வேர் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கூடாரம் அடிக்கும் மனை சற்றே மேடாக இருக்க வேண்டும். பட்டுப்போன கிளைகள் தொங்கும் மரத்தின் அடி கூடாது. ஓடைக்கரையும் காய்ந்த ஓடையின் மணலும் படுக்க எத்தனை மெத்தென்று இருந்தாலும் கூடவே கூடாது. நமக்கு மேலே மழை பெய்தால்தான் வெள்ளம் வரும் என்பதில்லை. மலை உச்சியில் பெய்தாலும் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து, எங்களைவிட இரண்டே வயது மூத்த மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. தெளிவாக ஓடிய நீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று தம்பிக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கூடாரம் அடிப்பதைப் படித்துக் கற்க முடியாது. கையால்தான் கற்க வேண்டும். இருந்தாலும் இரண்டு மூன்று நுணுக்கங்களைச் சொல்கிறோம். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த முளையைக் காற்று பிடுங்கிவிடும். நூல் கயிறு நனைந்தால் சுருங்கும். அதனால் இரவில் படுக்கும்முன் சற்றுத் தளர்த்த வேண்டும். நைலான் கயிறோ நனைந்தால் தொய்யும். அதை இறுக்க வேண்டும். எந்தக் கயிறு என்று பார்க்காமல் இறுக்குவதும் தளர்த்துவதும் வீண். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரை ஏந்தி நேராக நம் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். விளிம்பை உள்ளே மடக்கிவிடுங்கள். கான்வாஸ் கூடாரமானால், மழை பெய்யும்போது உட்புறத் துணியை விரலால் தொடாதீர்கள்; தொட்ட இடத்தில் ஒழுகத் தொடங்கும். தம்பிமார் இதைக் கேட்டவுடனே தொட்டுப் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்!

படுக்கை விஷயத்தில் எல்லோரும் மேலே போர்த்துவதையே நினைக்கின்றனர். குளிரோ கீழிருந்து வருகிறது. நம் உடம்பின் சூட்டை மண் இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே இரண்டு போர்வை என்றால் கீழே அதைவிடத் தடிப்பாக விரிக்க வேண்டும். தார்ப்பாயின்மேல் பழைய செய்தித்தாள்களைப் பத்துத் தாள் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் பவானி ஜமுக்காளம். இதற்கு ஒரு பைசா செலவில்லை. குரங்குக் குல்லாயைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், விடியற்காலை நான்கு மணிக்குப் பாட்டியிடம் அதை இரவல் கேட்காமல் இருக்கட்டும்.

குளிர்கிறதே என்று கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுவருவது மட்டும் ஒருக்காலும் கூடாது. மூடிய இடத்தில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவார்கள். கூடாரத்தின் மேல் ஜன்னலைக் குளிருக்காக முழுவதும் அடைப்பதும் சரியல்ல. நம் மூச்சில் உள்ள ஈரமே துணியில் நீராகப் படிந்து விடியலில் சொட்டும்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறோம். எங்கள் முகாமில் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் அணி. ஓர் அணி சமைத்தால் ஒன்று தண்ணீர் கொண்டுவரும், ஒன்று துப்புரவு செய்யும். மறுநாள் வேலை மாறும். எந்த அணியும் "எங்களுக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. இதே ஏற்பாட்டைக் குடும்பத்துக்கும் செய்தால் என்ன? புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். சனிக்கிழமை மாலைச் சமையல் அப்பாவும் மகளும். தண்ணீர் பிடிப்பதும் கொதிக்க வைப்பதும் அப்பா. முளைகளை எண்ணிக் கொடுப்பதும் எண்ணி வாங்குவதும் தம்பி. எட்டு வயதுக்கு அது மிகப் பொருத்தமான உத்தியோகம். ஒன்று குறைந்தாலும் விடமாட்டான். பாட்டி உட்கார்ந்தபடி காய் நறுக்குவதை மேற்பார்வை பார்ப்பார், கேட்காமலே யோசனையும் சொல்வார். ஞாயிறு காலைக் காப்பியும் பாத்திரம் துலக்குவதும் மகளும் தம்பியும். அம்மாவின் பெயருக்கு எதிரே சனிக்கிழமை மாலை என்ற கட்டத்தில் ஒன்றும் எழுத வேண்டாம். காலியாகவே இருக்கட்டும். அம்மாவுக்குச் சும்மா இருக்க வராது, எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்குவார் என்று எங்கள் வகுப்பில் பாதிப்பேர் சொன்னார்கள். மாடி ஒத்திகையிலேயே அதற்கும் பழக்கிவிட வேண்டியதுதான். அப்பா கிண்டிய உப்புமா கட்டிதட்டிப் போனாலும் யாரும் அம்மாவைப் பார்க்கக் கூடாது!

சமையல் எளிதாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். வேலையில் முக்கால் பங்கை வீட்டிலேயே, அதுவும் எல்லோருமாகச் சேர்ந்து, முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குப் புளிச்சோறும் வறுத்த அப்பளமும். புளிச்சோறு கெடாது, பிரித்தால் போதும். மாலைக்கு ரவை உப்புமா. ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மிளகாய் எல்லாம் தாளித்துக் கலந்து, ஆறியபின் டப்பாவில் அடைத்துவிடுங்கள். மேலே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்து உப்பிட்டு ரவையைக் கொட்டிக் கிளற வேண்டியதுதான். பத்து நிமிஷ வேலை. ஐந்து பேருக்கு மூன்று ஆழாக்கு ரவை தாராளம். மலைக்காற்றில் பசி அதிகம் என்பதால் வாழைப்பழமும் முறுக்கும் கையில் இருக்கட்டும். ஞாயிறு காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. சனிக்கிழமை காலை வீட்டில் வார்த்தது ஜனவரிக் குளிரில் மறுநாள் காலைவரை தாங்கும். ஆனால் தேங்காய்ச் சட்னி வேண்டாம், புளித்துவிடும்.

பருப்பும் சோறும்தான் வேண்டும் என்பவர்கள் குக்கரை எடுத்துச் செல்லட்டும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. ஏற்காட்டில் அது சுமார் 95 டிகிரி. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாமல் அடம்பிடிக்கும். குக்கரில் அந்தத் தொல்லை இல்லை.

மலையோடைத் தண்ணீர் பளிங்குபோல இருந்தாலும் நம்பாதீர்கள். மேலே மாடு குளித்திருக்கலாம். குடிக்கும் நீர் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க வேண்டும். கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிஷம். இல்லையேல் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிக்க, அதே அளவு சமைக்கவும் கழுவவும் என்றால் ஐந்து பேருக்கு முப்பது லிட்டர். இருபது லிட்டர்க் கேன் இரண்டு இருந்தால் கவலையில்லை. மருந்துப் பெட்டியில் பாட்டியின் மாத்திரைகள் முதல் இடம் பெறட்டும். யாருக்கேனும் வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். உப்பின் அளவு கூடிவிடக் கூடாது.

நெருப்பு மூட்டி உட்கார்ந்து பாட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எங்களுக்கும்தான்! பிப்ரவரி முதல் மே வரை மலையில் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. கேஸ் அடுப்பும் லாந்தர் விளக்கும் போதும். ஜனவரியில், இடத்துக்குரியவர் சம்மதித்தால், சருகைச் சுற்றிலும் பெருக்கி வெறும் மண்ணில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு மூட்டலாம். விறகைக் காட்டில் ஒடிக்கக் கூடாது. கீழேயிருந்து கொண்டுபோக வேண்டும். படுக்கும்முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்றால்தான் அணைந்தது என்று பொருள்.

இரவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. வந்தால் விளக்கடித்து விரட்டவோ படம் பிடிக்கவோ கிட்டே போகாமல், சத்தமின்றி விலகிக்கொள்ள வேண்டும். குரங்கும் எலியும் உணவின் வாசனைக்கு வரும். ஆதலால் தின்பண்டம் எதுவும் கூடாரத்தில் வேண்டாம். டப்பாக்களைக் காரில் பூட்டிவிடுங்கள். பாம்பு என்றால், கட்டு விரியனைத்தான் நினைவில் வைக்க வேண்டும். அது இரவில் உலவுவது. தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியே தெரியாமலும் போகலாம். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வைத்தால் அந்தப் பயம் பெருமளவு தீர்ந்தது. இரவில் டார்ச் இல்லாமல் காலைக் கீழே வைக்கக் கூடாது. காலையில் செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டே போட வேண்டும். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் தவறு. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். இங்கேதான் ஏற்காட்டை நாங்கள் தேர்ந்ததன் பயன் தெரியும்.

இடி மின்னல் வந்தால் மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், கூடாரத்தை விட்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். உயரமான ஒற்றை மரத்தடியில் நிற்கக் கூடாது.

ஞாயிறன்று புறப்படும்முன் நாங்கள் முகாமில் செய்வதுபோல ஐந்து பேரும் கைநீட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்ல நடந்து, கண்ணில் பட்ட காகிதம், நூல், தீக்குச்சி, முறுக்குத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். இந்த நடையில்தான் காணாமற்போன முளையும் கிடைக்கும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்திருக்கிறது. ஆகவே எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வீட்டிலிருந்தே போய் வீட்டுக்கே திரும்பட்டும். குப்பையும் அப்படியே, கீழே வந்துதான் தொட்டியில் விழ வேண்டும்.

வீடு சேர்ந்ததும் எல்லோரும் களைப்பில் சாய்ந்துவிடுவார்கள். கூடாரம் பையிலேயே கிடக்கும். அப்படி விட்டால் நான்கே நாளில் பூஞ்சணம் பிடித்து, அதன் நாற்றம் அடுத்த பொங்கல்வரை போகாது. வந்த அன்றே மாடியில் விரித்து, அடிப்புறத்து மண்ணைத் துணியால் துடைத்து, வெயிலில் இருபுறமும் காய்ந்தபின் மடிக்க வேண்டும். இதற்கு ஆள் யார் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டால் நல்லது.